சட்ட மாணவர் இணையத் தரவுத்தளத்தில் தீர்ப்புகளைத் தேடுவது எப்படி?

ஐந்தாண்டுச் சட்டப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருக்கும் மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி இது. அவருடைய கல்லூரி நூலகம் எஸ்சிசி ஆன்லைன், மனுபத்ரா ஆகிய இரண்டு தரவுத்தளங்களுக்கும் சந்தா கட்டியிருக்கிறது. ஆனால் தேடல் பெட்டியில் எந்தச் சொல்லை இட்டாலும் ஆயிரக்கணக்கான தீர்ப்புகள் வந்து நிற்கின்றன. எதைப் படிப்பது, எதை விடுவது என்று விளங்கவில்லை. இந்தியன் கானூன் தளத்தில் தீர்ப்புகள் இலவசமாகவே கிடைக்கும்போது சந்தா கட்டிப் பெறும் தளங்கள் எதற்கு என்றும் கேட்டிருக்கிறார்.

ஆயிரக்கணக்கில் முடிவுகள் வருவதற்குப் பெரும்பாலும் தளம் காரணமல்ல. நாம் இட்ட சொற்கள் எந்தெந்த ஆவணங்களில் இருக்கின்றன என்று மட்டும்தான் தரவுத்தளம் சொல்லும். நமக்கு வேண்டியதோ, குறிப்பிட்ட ஒரு பிரச்சினையில் இன்றைய தேதியில் சட்டம் என்ன என்பது. இந்த இரண்டுக்கும் இடையிலான தொலைவை எந்தத் தளமும் நமக்காகக் கடந்து தராது. தீர்ப்பைக் கண்டுபிடிப்பது வேலையில் பாதிகூட இல்லை என்பதே என் கருத்து. கண்டுபிடித்த தீர்ப்பு இன்றும் நிற்கிறதா, எந்த அளவுக்கு நிற்கிறது, நம் பிரச்சினைக்கு அது பொருந்துமா என்று பார்ப்பதில்தான் பெரும்பகுதி நேரம் செலவாக வேண்டும். மாணவர்களில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: தேடுவதற்கு ஒரு நாள் முழுவதும், சரிபார்ப்பதற்குக் கடைசி அரை மணி நேரம்.

தேடல் பெட்டிக்குப் போவதற்கு முன்னால் சட்டத்தின் மூலப் பாடத்தைப் படித்துவிடுங்கள். மத்திய, மாநிலச் சட்டங்களின் பாடங்கள் அரசின் இந்தியா கோடு தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பிரிவின் சொற்களை மட்டும் படித்துவிட்டு நிறுத்தக் கூடாது. அது எந்த நாளில் நடைமுறைக்கு வந்தது, பின்னர் திருத்தப்பட்டதா, அதன் கீழ் விதிகள் உள்ளனவா, மாநிலத் திருத்தம் ஏதேனும் உண்டா என்பவற்றையும் பார்க்க வேண்டும். 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தில் சுயமரியாதை, சீர்திருத்தத் திருமணங்களை அங்கீகரிக்கும் 7-ஏ பிரிவு, தமிழ்நாடு 1967-இல் இயற்றிய திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்டது. மத்தியச் சட்டத்தின் பொதுப் பாடத்தை மட்டும் புரட்டுகிறவர் கண்ணில் அது படாமலே போகலாம். தமிழ்நாட்டில் நடந்த ஒரு திருமணம் செல்லுமா என்ற கேள்விக்கு 7-ஏ பிரிவைத் தொடாமல் எழுதப்படும் விடை, எத்தனை உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை மேற்கோள் காட்டினாலும், பாதி விடைதான்.

குற்றவியல் சட்டத்தில் இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும், சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதினியமும் நடைமுறையில் உள்ளன. பிரிவு எண்களும் மாறிவிட்டன. பழைய நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்யக் கோரும் மனுக்கள் அந்த எண்ணில்தான் தாக்கலாயின. புதிய சன்ஹிதாவில் அதே 482 முன்ஜாமீனுக்கான பிரிவு. உள்ளார்ந்த அதிகாரம் 528-க்குப் போய்விட்டது. முன்ஜாமீனுக்குரிய பழைய எண்ணான 438, புதிய சன்ஹிதாவில் சீராய்வுக்காக ஆவணங்களை வரவழைக்கும் அதிகாரத்தைக் குறிக்கிறது. ஆகவே 482 என்ற எண்ணை மட்டும் இட்டுத் தேடுகிறவருக்கு, ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு வகைத் தீர்ப்புகள் கலந்து வரும். எண்ணோடு சட்டத்தின் பெயரையும் சேர்த்து இட வேண்டும். பழைய சட்டத்துக்கு ஒரு முறை, புதிய சட்டத்துக்கு ஒரு முறை எனத் தனித்தனியாகத் தேட வேண்டும்.

எந்தச் சட்டம் பொருந்தும் என்பதைச் சம்பவம் நடந்த நாளும் நடவடிக்கை தொடங்கிய நாளும் முடிவு செய்கின்றன. செயல் நடந்தபோது நடைமுறையில் இருந்த சட்டத்தின்படிதான் ஒருவரைக் குற்றவாளியாக்க முடியும் என்று அரசியலமைப்பின் 20(1) சொல்கிறது. அதனால் 2024 ஜூலைக்கு முன் நடந்த ஒரு கொலைக்குத் தண்டனைச் சட்டத்தின் 302-ஆம் பிரிவுதான் பொருந்தும், நியாய சன்ஹிதாவின் 103 பொருந்தாது. நிலுவையில் இருந்த விசாரணைகளும் மேல்முறையீடுகளும் எப்படித் தொடர வேண்டும் என்பதற்குப் புதிய சட்டங்களின் இறுதியில் காப்புப் பிரிவுகள் உள்ளன. மூட் கோர்ட் (மாணவர்களுக்கான மாதிரி நீதிமன்றம்) போட்டிக்கான வழக்குக் குறிப்பு கைக்கு வந்தவுடன் முதலில் தேதிகளை வரிசைப்படுத்தி எழுதிக்கொள்ளுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இனி ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு கடைசி வரை போய்ப் பார்க்கலாம். கண்காணிப்புக் கேமராவில் பதிவான காட்சியை ஒரு குறுந்தகட்டில் நகலெடுத்து நீதிமன்றத்தில் கொடுக்கிறார்கள். நகல் எந்தக் கருவியிலிருந்து எப்படி எடுக்கப்பட்டது என்று உறுதிசெய்யும் சான்றிதழ் எதுவும் அதோடு இணைக்கப்படவில்லை. அதைச் சாட்சியமாக ஏற்கலாமா? பழைய சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவுதான் இதற்குரியது. அந்தப் பிரிவு 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தால் சேர்க்கப்பட்டது; அதற்கு முந்தைய தீர்ப்புகளை இந்தக் கேள்விக்காகத் தேட வேண்டியதில்லை என்பது பிரிவின் வரலாற்றைப் பார்த்த உடனேயே தெரிந்துவிடுகிறது. தேடலின் தொடக்கத் தேதியை அதற்கேற்ப வைத்தாலே முடிவுகளின் எண்ணிக்கை குறையத் தொடங்கும்.

பிரிவு எண்ணோடு மின்னணு ஆவணம், சான்றிதழ் ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களை இட்டு, உச்ச நீதிமன்றம் என்று வரையறுத்துத் தேடினால், முதலில் எதிர்ப்படக்கூடியவற்றில் ஒன்று நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் 2005-இல் வழங்கப்பட்ட நவ்ஜோத் சந்து தீர்ப்பு. 65-பி சான்றிதழ் இல்லாவிட்டாலும் சட்டத்தின் மற்றப் பிரிவுகளின்படி இரண்டாம் நிலைச் சாட்சியமாக, அதாவது மூலத்துக்குப் பதிலாகத் தரப்படும் நகலாக, மின்னணு ஆவணத்தை ஏற்கலாம் என்று இரு நீதிபதிகள் அமர்வு அதில் கூறியது. அவசரக்காரர் இதோடு நின்று, சான்றிதழ் தேவையில்லை என்று எழுதிவிடுவார். ஆனால் 2014-இல் அன்வர் எதிர் பஷீர் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு இந்தக் கருத்தை ஏற்க மறுத்தது. 65-பி தனக்கென முழுமையான ஒரு நடைமுறை, சான்றிதழ் இல்லாமல் நகல் செல்லாது என்றது. அதன் சுட்டு, அதாவது தீர்ப்புத் தொகுப்பில் அதைக் கண்டெடுக்கும் முகவரி, (2014) 10 எஸ்சிசி 473: ஆண்டு, தொகுதி, சுப்ரீம் கோர்ட் கேசஸ் என்ற இதழ், பக்கம். இதைக் கண்டவரும் நின்றுவிடக் கூடாது. அடுத்த ஆண்டே தொமாசோ புரூனோ வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, அன்வர் தீர்ப்பைக் கவனிக்காமல், பழைய நவ்ஜோத் சந்துவை நம்பிக் கருத்துச் சொல்லியது. 2018-இல் ஷாஃபி முகமது வழக்கில் இரு நீதிபதிகள், சான்றிதழ் என்பது வெறும் நடைமுறைதான், நியாயம் கருதித் தளர்த்தலாம் என்றார்கள். தேதி வரிசையில் கடைசியாக இருப்பதால் அதுவே இன்றைய சட்டம் என்று 2018-இல் ஒரு மாணவர் எழுதியிருந்தால் அது பிழை. இரு நீதிபதிகள் அமர்வால் மூன்று நீதிபதிகள் அமர்வின் முடிவை மாற்ற முடியாது.

குழப்பம் தீர்ந்தது 2020 ஜூலை 14 அன்று. அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கில், (2020) 7 எஸ்சிசி 1, மூன்று நீதிபதிகள் அமர்வு அன்வர் தீர்ப்பே சரி என்று உறுதி செய்தது. ஷாஃபி முகமதுவை நிராகரித்தது. தொமாசோ புரூனோ, கட்டுப்படுத்தும் முன்தீர்ப்பைக் கவனிக்காமல் வழங்கப்பட்டது என்றது. சென்னை உயர் நீதிமன்றத்தின் ராமஜெயம் தீர்ப்பும், சான்றிதழுக்குப் பதிலாகக் கருவியின் பொறுப்பாளரே வாய்மொழியாகச் சாட்சியம் சொல்லலாம் என்று கூறிய அளவில், அதிலேயே நிராகரிக்கப்பட்டது. தமிழ்நாட்டு மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. உயர் நீதிமன்றத் தீர்ப்புகளுக்குள் மட்டும் தேடுகிறவருக்கு ராமஜெயம் தடையின்றிக் கிடைக்கும், அது வீழ்ந்த செய்தி வேறொரு நீதிமன்றத்தின் வேறொரு தீர்ப்புக்குள் இருக்கிறது. மூலக் கருவியையே அதன் உரிமையாளர் நீதிமன்றத்தில் கொண்டுவந்து மெய்ப்பித்தால் சான்றிதழ் வேண்டாம் என்ற விலக்கையும் கோத்கர் தீர்ப்பு தெளிவுபடுத்தியது. நம் கேள்வியில் குறுந்தகட்டில் இருப்பது நகல் என்பதால் அந்த விலக்கு பொருந்தாது.

இதற்கு மேலும் ஒரு படி இருக்கிறது. 2024 ஜூலைக்குப் பிறகு தொடங்கிய நடவடிக்கை என்றால் 65-பி அல்ல, சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். பழைய தீர்ப்புகளின் அடிப்படைத் தர்க்கம் இதற்கும் பயன்படும். ஆனால் சான்றிதழின் படிவம் இப்போது சட்டத்தின் அட்டவணையிலேயே தரப்பட்டிருக்கிறது. அதில் தரப்பினர் நிரப்ப வேண்டிய பகுதி ஒன்றும் நிபுணர் நிரப்ப வேண்டிய பகுதி ஒன்றும் உள்ளன. பழைய தீர்ப்பை அப்படியே பெயர்த்து எழுதினால் நிபுணர் பகுதி விடுபட்டுப் போகும். ஒரே கேள்விக்குள் ஒரு சட்டம், அதன் இடத்தில் வந்த இன்னொரு சட்டம், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து தீர்ப்புகள், உயர் நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பு ஆகியவை இருக்கின்றன. நல்ல வேளையாக, இவற்றை ஒவ்வொன்றாகத் தேடி அலைய வேண்டியதில்லை. கோத்கர் தீர்ப்பைக் கண்டுவிட்டால் மற்றவை பெரும்பாலும் அதற்குள்ளேயே பேசப்பட்டிருக்கும். எனவே புதிய பிரச்சினை எதுவானாலும், அதைப் பற்றி அண்மையில் வழங்கப்பட்ட, பெரிய அமர்வின் தீர்ப்பு ஒன்றை முதலில் பிடியுங்கள். அதிலிருந்து பின்னோக்கிப் போக, அது மேற்கோள் காட்டும் தீர்ப்புகளின் பட்டியல் உதவும்; முன்னோக்கிப் போக, அதை மேற்கோள் காட்டிய பிற்காலத் தீர்ப்புகளின் பட்டியல் உதவும். இரண்டு பட்டியல்களும் ஏறக்குறைய எல்லாத் தளங்களிலும் உண்டு.

தேடுசொற்களைப் பொறுத்தவரை, நீதிமன்றம் எழுதும் சொல்லை நாம் எழுத வேண்டும். செக் பவுன்ஸ் என்று ஊர் முழுக்கச் சொன்னாலும் சட்டத்தின் சொல் டிஸ்ஹானர். 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம், 138-ஆம் பிரிவு என்று இட்டால் இன்னும் கூர்மையாகக் கிடைக்கும். ஜீவனாம்சத்துக்காக மெயின்டனன்ஸ் என்ற ஒற்றைச் சொல்லை இடுகிறவருக்குச் சாலைப் பராமரிப்பு, கட்டடப் பராமரிப்பு வழக்குகளும் சேர்ந்து வரும். ஒரே கருத்துக்கு நீதிபதிகள் இரண்டு மூன்று சொற்களைப் பயன்படுத்துவது வழக்கம் என்பதால், மாற்றுச் சொற்களையும் எழுதி வைத்துக்கொண்டு அல்லது என்ற இணைப்பால் சேர்த்துத் தேட வேண்டும். 65-பி போன்ற பிரிவுகளை ஒரு தீர்ப்பு இடைக்கோட்டோடும் இன்னொன்று இடைக்கோடு இல்லாமலும் அச்சிடும்; இரண்டு வடிவங்களையும் முயன்று பாருங்கள். சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் இடுவது, இரண்டு சொற்கள் குறிப்பிட்ட தொலைவுக்குள் வர வேண்டும் என்று கட்டளையிடுவது, நீதிமன்றம், ஆண்டு, நீதிபதி என்று வடிகட்டுவது ஆகிய வசதிகள் பொதுவானவைதான். ஆனால் கட்டளையின் எழுத்து வடிவம் தளத்துக்குத் தளம் மாறும். இந்தியன் கானூனில், எடுத்துக்காட்டாக, ஆங்கிலத்தில் ஆண்ட், ஆர், நாட் என்ற சொற்களின் கடைசி எழுத்தை இரட்டித்து எழுதினால்தான் அவை கட்டளையாகக் கொள்ளப்படும். ஒவ்வொரு தளத்தின் உதவிப் பக்கத்தையும் ஒரு முறை முழுதாகப் படித்துவிடுவது நல்லது. மிகச் சிலரே அதைச் செய்கிறார்கள்.

முடிவுகள் எந்த வரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதையும் கவனியுங்கள். பொருத்தத்தின் வரிசை என்று தளம் சொல்வது, சொற்கள் எத்தனை முறை வருகின்றன போன்றவற்றை எண்ணி ஒரு நிரல் போடும் வரிசை. சட்ட வலிமையின் வரிசை அன்று. அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட தீர்ப்பு முதலில் வரும்படி அடுக்கினால், பழைய தீர்ப்புகளே மேலே நிற்கும். நவ்ஜோத் சந்து தீர்ப்பு சதி, ஒப்புதல் வாக்குமூலம் போன்ற வேறு பல விஷயங்களுக்காகவும் மேற்கோள் காட்டப்படுவது. அதன் எண்ணிக்கை மின்னணுச் சாட்சியம் பற்றி நமக்கு எதையும் சொல்லாது.

தீர்ப்பு நிற்கிறதா என்று காட்டத் தளங்கள் வண்ணக் குறிகளையும், நிராகரிக்கப்பட்டது, வேறுபடுத்தப்பட்டது, பின்பற்றப்பட்டது போன்ற குறிப்புகளையும் தருகின்றன. கட்டணத் தளங்களின் உண்மையான மதிப்பு இதில்தான் இருக்கிறது என்பேன். இருந்தாலும் குறியை முடிவாகக் கொள்ளக் கூடாது. முதலாவதாக, நிராகரிக்கப்பட்டது என்ற குறி பெரும்பாலும் ஒரு கருத்தைப் பற்றியது. நவ்ஜோத் சந்து மின்னணுச் சாட்சியம் பற்றிய அளவில்தான் வீழ்ந்தது, மற்றக் கருத்துகள் அப்படியே இருக்கின்றன. இரண்டாவதாக, சட்டத் திருத்தத்தால் வலுவிழந்த தீர்ப்புக்கு எந்தக் குறியும் இல்லாமல் இருக்கலாம். நெருக்கடி நிலையின்போது 1976-இல் வழங்கப்பட்ட ஜபல்பூர் ஏடிஎம் (கூடுதல் மாவட்ட நடுவர்) எதிர் சிவகாந்த் சுக்லா தீர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நெருக்கடி நிலை நீடிக்கும் வரை, காவலை எதிர்த்து ஆட்கொணர்வு மனு தொடுக்க முடியாது என்றது அது. 1978-இன் 44-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், 20, 21 ஆகிய உறுப்புகளின் அமலாக்கத்தை நெருக்கடி நிலையிலும் நிறுத்திவைக்க முடியாது என்று ஆக்கியதும் அந்தத் தீர்ப்பின் அடித்தளம் போய்விட்டது. ஆனால் உச்ச நீதிமன்றம் அதை முறைப்படி நிராகரித்தது 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த, தனியுரிமை பற்றிய புட்டசாமி வழக்கில்தான். இடைப்பட்ட சுமார் நாற்பது ஆண்டுகளில் ஒருவர் வெறும் தீர்ப்புச் சங்கிலியை மட்டும் பார்த்திருந்தால், அந்தத் தீர்ப்பு நிராகரிக்கப்பட்டதாக எங்கும் கண்டிருக்க மாட்டார். ஆகவே பிரிவின் திருத்த வரலாறும் தீர்ப்பின் பிற்கால வரலாறும் ஆகிய இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தே முடிவுக்கு வர வேண்டும்.

அமர்வில் எத்தனை நீதிபதிகள் என்று பார்க்கும் பழக்கம் இதோடு சேர்ந்தது. உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்பது அரசியலமைப்பின் 141-ஆம் உறுப்பு. உச்ச நீதிமன்றத்துக்குள்ளேயே சிறிய அமர்வு பெரிய அமர்வுக்குக் கட்டுப்பட்டது; சம எண்ணிக்கை கொண்ட அமர்வுக்கு முந்தைய தீர்ப்பில் ஐயம் எழுந்தால், பெரிய அமர்வின் முன் வைக்குமாறு தலைமை நீதிபதியைக் கேட்கலாமே தவிர, தானே மாற்றக் கூடாது. தாவூதி போரா சமூக வாரிய வழக்கில், (2005) 2 எஸ்சிசி 673, இது தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு தீர்ப்பின் அருகிலும் நீதிபதிகளின் எண்ணிக்கையைக் குறித்துவைத்தால், முரண்படும் இரண்டு தீர்ப்புகளில் எது மேல் என்ற கேள்விக்குப் பெரும்பாலும் அங்கேயே விடை கிடைத்துவிடும்.

தலைக்குறிப்பைப் பற்றி ஒரு சொல். தீர்ப்பின் முகப்பில் இருக்கும் சுருக்கம் பதிப்பாசிரியர் எழுதியது. நீதிமன்றம் எழுதியது அன்று. எதைப் படிக்கலாம் என்று முடிவு செய்ய அது போதும். மேற்கோள் காட்ட அது போதாது. முடிவுக்கு அடிப்படையான காரணமா, போகிற போக்கில் நீதிபதி சொன்ன கருத்தா என்று பிரித்தறிய, சம்பவங்களையும் எழுப்பப்பட்ட கேள்வியையும் முழுதாகப் படித்தாக வேண்டும். பல நீதிபதிகள் தனித்தனியே எழுதிய தீர்ப்புகளில் இது இன்னும் கடினம். 1973-இன் கேசவானந்த பாரதி வழக்கில் பதின்மூன்று நீதிபதிகள் அமர்ந்து ஏழுக்கு ஆறு என்று பிரிந்தார்கள். அங்கே ஒரு பத்தியை எடுத்து அதுவே பெரும்பான்மைக் கருத்து என்று எழுதுவதற்கு முன் அது யாருடைய பத்தி என்று பார்க்க வேண்டும்.

பத்தி எண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு. நீதிமன்றம் வெளியிடும் பிரதியிலும் அச்சு இதழ்களின் பிரதியிலும் பத்தி எண்கள் மாறுபடலாம், குறிப்பாகப் பழைய தீர்ப்புகளில். ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் மோதக் வழக்கில், (2008) 1 எஸ்சிசி 1, தீர்ப்பின் மூலப் பாடத்துக்குப் பதிப்பாளர் உரிமை கோர முடியாது என்றாலும், பத்திகளைப் பிரித்து எண்ணிடுவது போன்ற சில பதிப்புப் பணிகளுக்குப் பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் கூறியதற்குப் பின்னணியும் இந்த வேறுபாடுதான். நடைமுறையில் இதன் பொருள் எளியது: எஸ்சிசி சுட்டைக் கொடுத்துவிட்டு இந்தியன் கானூனின் பத்தி எண்ணை எழுதாதீர்கள். எந்தப் பிரதியின் சுட்டோ அந்தப் பிரதியின் பத்தி எண்.

ஒரே தீர்ப்புக்குப் பல சுட்டுகள் இருப்பது புதியவர்களை மிரட்டுகிறது. கேசவானந்த பாரதியே (1973) 4 எஸ்சிசி 225 என்றும் ஏஐஆர் 1973 எஸ்சி 1461 என்றும் வழங்குகிறது. சென்னை உயர் நீதிமன்ற வழக்கறிஞர்கள் எம்எல்ஜே, எல்டபிள்யூ, சிடிசி இதழ்களின் சுட்டுகளையும் சரளமாகப் பயன்படுத்துவார்கள். உங்கள் தளத்தில் அந்த இதழ் இல்லையென்றால், தரப்பினர் பெயராலும் தீர்ப்பு நாளாலும் தேடினால் வேறு சுட்டில் அதே தீர்ப்பு அகப்படும். பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறுபடுவதால் நாளை நம்புவது பாதுகாப்பு. 2023 முதல் உச்ச நீதிமன்றம், எந்தப் பதிப்பாளரையும் சாராத பொதுச் சுட்டு எண்ணையும் தன் தீர்ப்புகளுக்குத் தருகிறது. ஆண்டு, ஐஎன்எஸ்சி என்ற எழுத்துகள், வரிசை எண் என்ற வடிவில் அது இருக்கும். புதிய தீர்ப்புகளுக்கு இதையும் சேர்த்து எழுதுங்கள். படிப்பவரிடம் எந்தச் சந்தா இருந்தாலும் இல்லாவிட்டாலும் தேடி எடுக்க முடியும்.

இப்போது இலவசமா கட்டணமா என்ற கேள்வி. 2008 முதல் இயங்கும் இந்தியன் கானூன், தீர்ப்புகளையும் சட்டப் பிரிவுகளையும் ஒன்றோடொன்று இணைத்துத் தருவதில் மிகச் சிறப்பானது. முதல் கட்டத் தேடலுக்கு நானும் அதைத்தான் பரிந்துரைப்பேன். உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தொடங்கிய இ-எஸ்சிஆர் தளத்தில், அதன் அதிகாரபூர்வத் தீர்ப்புத் தொகுதியே தலைக்குறிப்புகளோடு கட்டணமின்றிக் கிடைக்கிறது. தொடங்கியபோதே சுமார் 34,000 தீர்ப்புகள் அதில் இருந்தன. மாணவர்கள் இதைப் பயன்படுத்தாமல் இருப்பது வியப்பளிக்கிறது. கட்டணத் தளங்கள் கூடுதலாகத் தருபவை பிற்கால வரலாற்றுக் குறிப்புகள், பொருள்வாரியான தலைக்குறிப்புகள், இதழ்க் கட்டுரைகள், தீர்ப்பாயங்களின் ஆணைகள், சில சமயம் வெளிநாட்டுத் தீர்ப்புகள். ஆகவே இரண்டையும் எதிரெதிரே நிறுத்த வேண்டாம். கண்டுபிடிப்பது இலவசத் தளத்தில் நடக்கலாம். நிற்கிறதா என்று பார்ப்பதைக் கட்டணத் தளத்தில் செய்யுங்கள். மேற்கோளாக எடுக்கும் வரிகளை அதிகாரபூர்வப் பிரதியோடு ஒப்பிடுங்கள். இங்கிலாந்துத் தீர்ப்புகளுக்கும், 1949 வரை இந்திய வழக்குகளின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலின் தீர்ப்புகளுக்கும் பெய்லி என்ற இலவசத் தளம் இருக்கிறது. சொத்துரிமை, இந்துச் சட்டம் போன்றவற்றில் 1949-க்கு முந்தைய பிரிவி கவுன்சில் தீர்ப்புகளைத் தொடாமல் ஆய்வு முழுமையாகாது.

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் பல இப்போது தமிழ் மொழிபெயர்ப்பிலும் வெளியிடப்படுகின்றன. சிக்கலான ஒரு தீர்ப்பின் போக்கைப் புரிந்துகொள்ள முதலில் தமிழில் படிப்பதில் தவறில்லை. ஆனால் அரசியலமைப்பின் 348-ஆம் உறுப்பின்படி அந்த நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். மேற்கோளுக்குரிய பாடமும் ஆங்கிலப் பாடமே.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் தீர்ப்புகளைக் கேட்பது பற்றியும் பலர் கேட்கிறார்கள். 2023-இல் நியூயார்க்கின் கூட்டாட்சி நீதிமன்றத்தில், மாட்டா எதிர் ஏவியான்கா வழக்கில், சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிய தீர்ப்புகளை மனுவில் மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. இல்லாத தீர்ப்புக்கும் நம்பத் தகுந்த பெயரும் சுட்டும் அமைந்திருப்பதுதான் ஆபத்து. தேடுசொற்களையும் மாற்றுச் சொற்களையும் யோசிக்க இந்தக் கருவிகள் உதவும். தீர்ப்பு என்று அவை சொல்லும் எதையும், ஒரு தரவுத்தளத்தில் திறந்து, முழுப் பாடத்தையும் கண்ணால் பார்க்காத வரை குறிப்பேட்டில்கூட எழுத வேண்டாம்.

குறிப்பேடு என்றதும் நினைவுக்கு வருகிறது: எந்தத் தளத்தில், எந்த நாளில், எந்தச் சொற்களை இட்டுத் தேடினீர்கள், என்ன கிடைத்தது என்பதை அவ்வப்போது பதிவு செய்யுங்கள். எப்போது நிறுத்துவது என்பதற்கும் அது உதவும். வெவ்வேறு சொற்களால் தேடியும், முன்னும் பின்னும் மேற்கோள் சங்கிலியைப் பிடித்துப் போயும், ஏற்கெனவே குறித்த தீர்ப்புகளே திரும்பத் திரும்ப வந்தால் தேடலை நிறுத்திவிட்டு எழுத உட்காரலாம். சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்திய நாள், முக்கியமான தீர்ப்புகளின் பிற்கால வரலாற்றை மட்டும் மறுபடி ஒரு முறை பார்த்துவிடுங்கள். இடையில் புதிய தீர்ப்பு வந்திருக்கக்கூடும்.

கடைசியாக, கல்லூரியின் உள்நுழைவைப் பற்றி. அது நிறுவனத்துக்குக் கல்வி நோக்கத்துக்காக வழங்கப்பட்ட உரிமம். மொத்தமாகத் தரவிறக்குவதையும் கடவுச்சொல்லைப் பகிர்வதையும் உரிமங்கள் பொதுவாகத் தடை செய்கின்றன, மீறினால் கல்லூரி முழுவதற்குமான அணுகலே நிறுத்தப்படலாம். விடுமுறையில் வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் பயிற்சிக்குச் செல்லும்போது, அங்குள்ள வழக்குப் பணிகளுக்கு அந்த உள்நுழைவைப் பயன்படுத்தலாமா என்பதை நூலகரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கூடாது என்றால் அலுவலகத்தின் சந்தாவைக் கேட்டுப் பெறலாம். அதுவும் இல்லாத இடத்தில் இந்தியன் கானூன், இ-எஸ்சிஆர், இந்தியா கோடு, உயர் நீதிமன்றத்தின் சொந்தத் தளம் ஆகிய நான்கையும் வைத்துக்கொண்டு, மேற்கோள் சங்கிலியைக் கையாலேயே முன்னோக்கிப் பின்தொடர்ந்து, பெரும்பாலான கேள்விகளுக்கு நம்பகமான விடையைத் தேடிக்கொள்ள முடியும்.